குளக்கட்டில் நின்று பார்த்த ஐஸ் ஹொக்கி

பெரும்போக அறுவடை முடிந்து, அக்கராயனில் வீதியோரமெல்லாம் நெல் காய்ந்துகொண்டிருந்த நாட்கள். ஒரு ஞாயிறு விடியற்காலை, கைப்பேசியும் கையுமாகக் குளக்கட்டில் நின்றேன். எங்கள் வீட்டில் படம் ஓடுமளவுக்குச் சிக்னல் கிடைக்காது. குளக்கட்டின் மேல் ஏறினால்தான் உண்டு.

கனடாவில் இருக்கும் என் மகனின் மகளுக்குப் பதினான்கு வயது. அந்தப் பனிக்காலம் முழுவதும் அவள் தன் வட்டார இளையோர் ஐஸ் ஹொக்கி லீக்கில் கோல் காப்பாளராக விளையாடினாள். முதல் ஆட்டத்திலேயே ஏழு கோல் விட்டாள். அன்றோடு என் நித்திரை போனது. பந்து என்றாலும் பரவாயில்லை, இது கல்லுப் போன்ற ரப்பர் வட்டு. அது முகத்தில் பட்டால் இருபத்தெட்டுப் பல்லில் எத்தனை மிஞ்சும், பயிற்சி பயிற்சி என்று அலைந்தால் கணிதத்தில் எத்தனை புள்ளி குறையும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மகன் வெளிநாடு போய் இவ்வளவு காலமாகியும், பெரிய விஷயங்களில் என்னிடம் ஒரு சொல் கேட்காமல் முடிவெடுப்பதில்லை. நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அணி அடுத்த சுற்றுக்குப் போனால் அவள் தொடர்ந்து விளையாடலாம். போகாவிட்டால் இந்த வருடத்தோடு நிறுத்திவிட்டு ரியூசன் வகுப்புக்குப் போக வேண்டும். பேத்தி அழுதுவிட்டு ஒப்புக்கொண்டாளாம். கடைசி ஆட்டத்தில் வென்றால்தான் அடுத்த சுற்று என்ற நிலை வந்தது. அவர்கள் தோற்க வேண்டும் என்று நினைத்துத்தான் நான் குளக்கட்டில் ஏறினேன்.

பக்கத்து வீட்டுப் பெண்ணும் கூட வந்தாள். முல்லைத்தீவுக் கரையிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள், மீன் வியாபாரம் செய்பவள். மைதானத்திலிருந்து மருமகள் வீடியோ அழைப்பில் படத்தைக் காட்டியதும் அவளுக்கு வாய் மூடவில்லை.

"ஐயா, நாங்கள் மீனுக்குப் போடுற ஐசிலயோ இந்தப் பிள்ளையள் ஓடுதுகள்? உந்த ஐசைக் கிண்டி எடுத்தால் எங்கட கரை முழுக்க ஒரு வருசத்துக்குப் போதும்!"

"பேசாமல் பார், பிள்ளை."

"எங்கட பிள்ளை வெல்லும். நான் அந்தோனியாருக்கு நேந்திட்டன்."

நான் கைப்பேசியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

ஆட்டம் தொடங்கியது. மூன்று வருடத்துக்கு முன் இங்கே வந்தபோது கிணற்றடியில் ஓணானைக் கண்டு கத்திய பேத்திதான் அந்தப் பெரிய கவசங்களுக்குள் நின்றாள். எதிரணிப் பிள்ளைகள் காற்றாய் வந்தார்கள். வட்டு வருவது என் கண்ணுக்குத் தெரியவேயில்லை. ஆனால் அவள் கால் போய் மறித்தது, கை போய்ப் பிடித்தது. ஒருமுறை முழு உடம்போடும் விழுந்து மூடினாள். தடுத்ததை எண்ணிக்கொண்டு வந்தேன். இருபத்துமூன்றுக்குப் பிறகு எண்ண மறந்துவிட்டேன்.

கடைசிப் பகுதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில், எதிரணி அடித்த வட்டு இவள் அணிப் பிள்ளையின் காலிலேயே பட்டுத் திரும்பி உள்ளே போனது. ஒரு கோல்.

"ஐயோ, என்ர அந்தோனியாரே!" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

பேத்தி இனி அழுவாள், மட்டையை எறிவாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் எழும்பினாள். வலையின் மேலிருந்த போத்தலை எடுத்து ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். இடது கம்பத்தை மட்டையால் ஒரு தட்டு, வலது கம்பத்தை ஒரு தட்டு. பிறகு முழங்காலை மடித்து, அடுத்ததற்குத் தயாராகக் குனிந்தாள்.

"ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் இப்பிடித்தான் மாமா," என்றாள் மருமகள். "அண்டைக்கு ஏழு விட்டாள் எல்லே? ஏழு தரமும் இப்பிடித்தான் செய்தவள்."

"ஏழு தரமுமோ?" என்று திருப்பிக் கேட்டேன். கிணற்று மோட்டரில் ஒருநாள் தண்ணீர் வராவிட்டாலே மூன்று நாள் சோறு இறங்காத ஆள் நான்.

அதன்பின் அவள் ஒன்றையும் உள்ளே விடவில்லை. ஆனால் அவளுடைய அணியும் ஒன்றும் அடிக்கவில்லை. ஒன்றுக்குப் பூச்சியம். தோற்றுவிட்டார்கள்.

மகன் கைப்பேசியை வாங்கினான். "சரி அப்பா, முடிஞ்சுது. நீங்கள் சொன்னமாதிரி ரியூசனில சேர்த்துவிடுறன்."

"விசரே உனக்கு? அவளை விளையாட விடு!"

"நீங்கள்தானே நிப்பாட்டச் சொன்னனீங்கள்?"

"ஓம், சொன்னனான். இப்ப விடச் சொல்லுறன். போய் முதல்ல அவளிட்டச் சொல்லு."

"இவ்வளவு நேரமும் கட்டை மாதிரி நிண்ட மனிசன்," என்று பக்கத்து வீட்டுப் பெண் தலையில் கைவைத்தாள்.

சற்றுப் பொறுத்து, தலைக்கவசத்தைக் கழற்றியபடி பேத்தி திரையில் வந்தாள். தலைமயிரெல்லாம் வியர்வையில் ஒட்டியிருந்தது. "அப்பப்பா, உண்மையாவோ?" என்று என்னைக் கேட்டுவிட்டு, நான் ஓம் என்று சொல்லி முடிப்பதற்குள் தோழிகளிடம் கத்திக்கொண்டே ஓடிவிட்டாள்.

எழுபத்தாறு வருடமாக ஒன்று பிழையாய்ப் போனால் அடுத்ததும் பிழையாய்ப் போகும் என்றே வாழ்ந்து பழகிய என் வம்சத்தில், விழுந்ததைப் பின்னால் விட்டுவிட்டு வரப்போவதை மட்டும் பார்த்துக் குனிந்து நிற்கும் ஒரு பிள்ளை எங்கிருந்து வந்தாள் என்று நினைக்க நினைக்க எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை.