ஜெரோமின் கிற்றாருக்குப் பூட்டிய நெக்

நான் செய்த வேலைகளிலேயே திறமானது எது என்று கேட்டால், ஜெரோமின் கிற்றாருக்குப் பூட்டிய நெக் என்றுதான் சொல்வேன். நெக் என்றால் கிற்றாரின் கழுத்து, இடது கை விரல்கள் ஓடுகிற நீண்ட மரம். பதினான்கு வருடக் கடையில் அதைவிட நேர்த்தியாக ஒன்றும் செய்யவில்லை. அந்த வேலையை முடித்த நாளில்தான் ஜெரோமின் இடது கையைக் காப்பாற்ற எனக்கு ஒரு சந்தர்ப்பம் வந்தது. அதை நான் விட்டுவிட்டேன். டொக்டர் என்னைக் குறை சொல்லவில்லை, ஜெரோமும் சொல்லவில்லை. நானாகத்தான் சொல்கிறேன். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் நெக் பூட்டும் முறையைப் படிக்கும்போது இதையும் சேர்த்தே படிக்கட்டும்.

1. நெக் பிழை

திருமலைத் துறைமுக வேலைத்தலத்தில் இருபத்தெட்டு வருடம் தச்சனாக இருந்தேன். படகுக்குப் பலகை இணைத்த கை என்பதால், ஓய்வு பெற்ற பிறகு கிற்றாருக்கு மரம் இணைப்பது பெரிய வித்தையாகத் தெரியவில்லை. உட்துறைமுக வீதியில் ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்தேன். வயலின், ஆர்மோனியம், தேவாலயத்து ஓர்கன் என்று எது வந்தாலும் பார்த்தேன். அரை மில்லிமீற்றர் பிசகினாலும் எனக்கு அன்று நித்திரை வராது. என் மனைவி இதைக் குணம் என்று சொல்லமாட்டாள், மருந்தில்லாத வருத்தம் என்பாள்.

ஜெரோம் பாலையூற்றுக்காரர். உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் வாரக்கடைசியில் லீட் கிற்றார், மற்ற நாட்களில் கலியாண வீடுகள். வயது ஐம்பதுக்கு ஒன்று குறைவு. வேறு தொழில் தெரியாது. அவரும் மனைவி மேரியும் சாப்பிட்டது அந்தக் கையால்தான்.

ஒரு மாரி காலத்தில் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“அண்ணை, நெக் திருகிப் போச்சு. சுண்டுவிரல் வைக்கிற நோட்டெல்லாம் செத்துச் செத்துக் கேக்குது.”

“எப்ப இருந்து?”

“மழை தொடங்கின நேரம் இருந்து. போன கிழமை ஒரு பாட்டில நடுவில விட்டிட்டன். ஆக்கள் பாத்துச் சிரிச்சவை.”

கிற்றாரைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்து நெக்கின் நீளத்தைப் பார்த்தேன். மெல்லிய திருகல் இருந்தது. வேறு யாரும் வாசித்தால் கவனிக்கவே மாட்டார்கள். தேடினால் எந்த நெக்கிலும் ஒரு குறை அகப்படும், கடற்காற்றில் வாசிக்கும் கிற்றாரில் இரண்டு அகப்படும். ஒரு குறை அகப்பட்டதும் அதற்கு மேல் தேடாமல் விடுவது எங்கள் தொழிலின் பழக்கம். நானும் விட்டேன்.

“திருத்தலாம். ஆனா என்னைக் கேட்டா புதுசு போடுங்க. கொஞ்சம் மெல்லிசா ஒண்டு எடுப்பம், கைக்குச் சுகமா இருக்கும்.”

“நீங்க சொன்னா சரி அண்ணை. திருமலையில உங்களை விட்டா ஆர் இருக்கினம்?”

இந்த மாதிரிப் பேச்சு என்றால் நான் ஐஸ் மாதிரி உருகிவிடுவேன். ஜெரோமுக்கு அது தெரியும்.

2. பூட்டிய முறை

நெக் கொழும்பில் இருந்து வந்தது. வெளிர் மரம், குறுக்கே பதித்த உலோகக் கீற்றுகளாக இருபத்திரண்டு ஃபிரெட். கிற்றார் உடலில் நெக் உட்காருவதற்கு ஒரு குழி இருக்கும். புது நெக்கின் அடி அந்தக் குழியைவிட அரை மில்லிமீற்றர் அகலமாக இருந்தது. அவசரக்காரன் குழியைப் பெருப்பிப்பான். அது கூடாது. நெக்கின் அடியைத்தான் சாண்ட் பேப்பரில் தேய்க்க வேண்டும். இரண்டு இழுப்பு, ஒருமுறை வைத்துப் பார்ப்பது, திரும்ப இரண்டு இழுப்பு. கடைசியில் கிற்றாரை நெக்கில் பிடித்துத் தூக்கினால், ஸ்குரூ இல்லாமலே உடல் தொங்க வேண்டும். தொங்கியது.

அடுத்தது நீளம். மேலே கம்பி உட்காரும் நட்டில் இருந்து பன்னிரண்டாவது ஃபிரெட் வரை எவ்வளவோ, அங்கிருந்து கீழே கம்பி முடியும் பிரிட்ஜ் வரையும் அவ்வளவு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு ரியூன் பண்ணினாலும் சுருதி பொய் சொல்லும். பிறகு முதல் கம்பியையும் ஆறாவது கம்பியையும் மட்டும் கட்டி, இரண்டு ஓரத்துக்கும் ஒரே இடைவெளி வருகிறதா என்று பார்த்தேன். வந்தபின் இறுக்கிப் பிடித்து, உடலில் உள்ள பழைய துளைகளின் ஊடாக மெல்லிய ஆணியால் நெக்கில் நான்கு இடத்தைக் குத்தி அடையாளம் போட்டேன். டிரில் ஊசியில் துளை நிற்க வேண்டிய ஆழத்துக்கு அடையாளமாக ஒட்டு ரேப் சுற்ற மறக்காதீர்கள். மறந்தால் துளை முன்பக்கமாக வெளியே வந்து சிரிக்கும். ஸ்குரூவில் மெழுகுதிரியைத் தேய்த்துவிட்டு முறுக்கினேன். மரம் ஒரு சத்தமும் போடவில்லை. மற்றக் கம்பிகளையும் கட்டினேன்.

மிஞ்சியிருந்தது ஃபிரெட் முனைகள். விலை குறைந்த நெக்குகளில் அவற்றை யாரும் மழுக்கி அனுப்புவதில்லை, தகரம் மாதிரிக் கூராக இருக்கும். இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பத்துநான்கு முனை. ஒவ்வொன்றையும் சின்ன அரத்தால் உருட்டி, விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மேல்பக்கம் முடித்து, கீழ்பக்கம் பன்னிரண்டு வரை வந்திருந்தேன். ஜெரோம் சொன்ன நேரத்துக்கு முன்னரே வந்து வாசலில் நின்றார். அன்று பின்னேரம் அவருக்கு ஒரு கலியாண வீடு.

3. துணி

“ஒருக்கா வாசிச்சுப் பாக்கட்டா, அண்ணை?”

“இன்னும் கொஞ்ச வேலை இருக்கு” என்று சொல்லியிருக்க வேண்டும். வேலையைக் காட்டும் ஆசை என்னை விடவில்லை. கிற்றாரைக் கொடுத்தேன். கதிரையில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். முதல் கம்பியில் சுண்டுவிரலை வைத்து மேலே இழுத்துப்போய்த் திரும்பக் கீழே கொண்டுவந்தார். இரண்டு மூன்று தரம்.

“என்ன சுகம் அண்ணை. கையில ஒண்டும் பட்ட மாதிரியே இல்லை.”

நான் நெக்கைப் பார்த்தேன். வெளிர் மரத்தின் கீழ் ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு. பதினைந்தாவது ஃபிரெட்டுக்கும் பதினெட்டாவதுக்கும் நடுவில். நான் அரம் போடாமல் விட்ட இடம். அவருடைய சுண்டுவிரலின் ஓரம் நக அளவுக்கு வெட்டுப்பட்டு இரத்தம் வந்துகொண்டிருந்தது. அவர் கண்ணை மூடியபடி வாசித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்த நேரம் வந்தது ஒரே ஒரு நினைப்பு. என் வேலையில் குறை என்று இந்த மனிதன் காணப்போகிறான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

“கொஞ்சம் தாங்க ஜெரோம், பொலிஷ் ஒட்டுது” என்று கிற்றாரை வாங்கி, அந்தப் பக்கம் தெரியாமல் மேசையில் வைத்தேன். “கையிலயும் பட்டிருக்கு” என்று சொல்லி, ஸ்பிரிட் நனைத்த துணியால் அவருடைய விரலைப் பிடித்துத் துடைத்தேன். இரத்தம் நிற்கும் வரை அழுத்திப் பிடித்தேன். திறந்த வெட்டில் ஸ்பிரிட் பட்டால் எவனும் கையை இழுப்பான். ஜெரோம் இழுக்கவில்லை. கலியாண வீட்டுக்கார மாப்பிள்ளை துபாயில் இருந்து வந்தவர், ஆடுவதற்குப் பழைய பைலாப் பாட்டுத்தான் வேண்டுமாம் என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நல்ல காலம், மனிதன் கவனிக்கவில்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து இருத்திவிட்டு, மிச்ச முனைகளை அவசரமாக மழுக்கினேன். நெக்கையும் துடைத்தேன். அந்தத் துணியை அன்றே எரித்துவிட்டேன். இவ்வளவு கவனமாக என் குறையை மறைத்தவன் நான்.

4. மெல்லிசுக்கு மேல் மெல்லிசு

அடுத்த பத்து மாதத்தில் ஜெரோம் நான்கு தரம் வந்தார்.

முதல் தரம், கம்பி உயரம் என்றார். இறக்கினேன். இரண்டாம் தரம், கம்பி கடினம் என்றார். பத்தாம் நம்பர் கம்பியைக் கழற்றி அதைவிட மெல்லிய ஒன்பது போட்டேன். மூன்றாம் தரம் எட்டு. நெக்கின் அடியில் மெல்லிய மரச்சீவலை வைத்து நெக்கைச் சற்றுச் சாய்த்தேன். நான்காம் தரம் நெக்கின் முதுகையே சீவி இன்னும் மெல்லிசாக்கினேன். ஒவ்வொரு தரமும் இரண்டு மூன்று கிழமை அவர் சந்தோசமாக இருப்பார். அவரால் அழுத்த ஏலாமல் போனதை எல்லாம் நான் கிற்றாரில் குறைத்துக்கொண்டே வந்தேன். கை எவ்வளவு தூரம் கெட்டுப்போயிருக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் செய்ததில் என் பங்கு பெரிது.

ஒருநாள் நானும் கேட்டேன்தான்.

“என்ன ஜெரோம், சுண்டுவிரல் மடங்கியே நிக்குது?”

“வயசு போகுதல்லோ அண்ணை. அதுக்கும் பென்சன் வேணுமாம்.”

இரண்டு பேரும் சிரித்தோம். நான் கம்பி கட்டப் போய்விட்டேன்.

5. மேரி வந்த காலை

ஒரு திங்கட்கிழமை மேரி தனியாகக் கடைக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

“அவரை ஆஸ்பத்திரியில காட்டினனான். தொழுநோயாம்.”

கையில் இருந்த அரத்தை மேசையில் வைத்தேன். அவர் தொடர்ந்து சொன்னார்.

“போன கிழமை சுடுதண்ணிக் கேத்திலை இடது கையால துணி இல்லாமத் தூக்கிக்கொண்டு நிண்டு என்னோட கதைக்கிறார். தோல் பொசுங்கிற மணம் எனக்கு வருது. ‘என்ன கருகுது?’ எண்டு அவர் என்னட்டக் கேக்கிறார். பிறகுதான் முழுக்கப் பாத்தனான். முழங்கைக்குப் பின்னால வெளிறின தேமல் ஒண்டு. தொட்டா அவருக்குத் தெரியேல்லை.”

“மருந்து இருக்கே, பிள்ளை?”

“இருக்கு. ஒரு வருசம் குளிசை, காசில்லாமத் தருகினம். நோய் மாறுமாம், மற்றவைக்கும் தொத்தாதாம். ஆனா மடங்கின சுண்டுவிரலும் மோதிரவிரலும் இனித் திரும்பாதாம். தொடங்கி ஆறு மாசத்துக்குள்ள வந்திருந்தா நரம்பைக் காப்பாத்தப் பாத்திருக்கலாம் எண்டு டொக்டர் சொன்னவர்.”

அந்த மாரி மழை தொடங்கிய நாளில் இருந்து மாதங்களை நான் மனதுக்குள் எண்ணினேன். ஸ்பிரிட் துணியால் துடைத்த நாள், இரண்டாவது மாதம்கூட முடியாத நாள்.

மேரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“நான் குறை சொல்ல வரேல்லை. ஒண்டு மட்டும் கேக்கிறன். எனக்கு அவர் சோறு தின்னுற கைதான் தெரியும். அந்தக் கைக்கு முள்ளுக் குத்தினாலும் எனக்குத் தெரியும். இடது கையைப் பாக்கிற ஆள் நீங்கதானே, அண்ணை. உங்களுக்கு ஒண்டும் தெரியேல்லையா?”

“இல்லை, பிள்ளை” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் அன்று கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். பழுது பார்க்கிறவன் என்று பெயர் வைத்துக்கொண்டு, பழுது எங்கே என்று பார்க்காதவன். அழுதேன். அதற்கு மேல் என்ன சொல்ல?

6. இப்போது

இப்போது நெக் பிழை என்று யார் வந்தாலும் முதலில் கையை நீட்டச் சொல்கிறேன். கண்ணை மூடச் சொல்லி, நைலோன் கம்பியின் நுனியால் ஒவ்வொரு விரலாகத் தொட்டு, எது என்று கேட்கிறேன். கப்பல்துறைக்காரர் ஒருவர், “என்ன ஐயா, கிற்றாரைக் கொண்டுவந்தா கைரேகைச் சாத்திரம் பாக்கிறீங்க?” என்று பகிடி பண்ணினார். பண்ணட்டும். விரல் சரி என்றால்தான் கிற்றாரைப் பெட்டியில் இருந்து எடுக்கிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். நாங்கள் டொக்டர் இல்லை, உண்மை. ஆனால் ஒரு கிற்றார்காரனின் இடது கையை எங்களைப் போல் கிட்ட இருந்து பார்ப்பவர் வேறு யாரும் இல்லை.

ஜெரோமுக்குக் குளிசை முடிந்தது. நோய் மாறிவிட்டது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கைப் பக்கம் மடங்கியபடி நின்றுவிட்டன. ஹோட்டலுக்குத் தானாகவே போய், இனி ஏலாது என்று சொல்லிவிட்டார். இப்போது ஒரு லொறிக் கராஜில் பகல் காவல்.

போன மாதம் கடைப்பக்கம் வந்தார். தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். வலது கையால் வாங்கினார். அதற்கு மேலும் என்னால் பொறுக்க முடியவில்லை. வெட்டு, இரத்தம், பொலிஷ் என்று சொன்ன பொய், ஸ்பிரிட், எரித்த துணி, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். மேரியிடம் இல்லை என்று சொன்னதையும் சொன்னேன்.

ஜெரோம் கொஞ்சநேரம் சுண்டுவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அந்த வெட்டை வீட்டில கண்டனான் அண்ணை. கலியாண வீட்டில கிளாஸ் ஏதும் பட்டிருக்கும் எண்டு நினைச்சன்.”

“நான் சொல்லியிருக்க வேணும், ஜெரோம்.”

“சொல்லியிருந்தா, என்ன வேலை செய்து வைச்சிருக்கிறீங்க எண்டு நாலு ஏச்சு ஏசியிருப்பன். அவ்வளவுதான் நடந்திருக்கும். விடுங்க.”

என்னைத் தேற்றுவதற்காகத்தான் அப்படிச் சொன்னார். தேத்தண்ணியைக் குடித்து முடித்து, போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பிள்ளைகளே, வேலையில் பிழை விட்டால் அதை விட்டபடியே ஆளுக்குக் காட்டுங்கள். ஜெரோம் ஏசியிருப்பார், ஓம். ஆனால் ஏசுவதற்கு முதல் விரலைப் பார்த்திருப்பார். இவ்வளவு இரத்தம் வருகிறதே, எனக்கு ஏன் நோகவில்லை என்று அந்த இடத்திலேயே கேட்டிருப்பார். அவரைக் கேட்கவிடாமல் நான் துடைத்துவிட்டேன்.