டாக்டர் வசந்தாவும் வெள்ளிமலைக் குதிரையும்

சங்கராபுரத்தில் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தபோது, டாக்டர் வசந்தா போய்விட்டார் என்று போன் வந்தது. போன வாரம்தான் பேசினோம். ஒரு கன்றுக்கு நான் போட்ட ஊசியின் அளவு தப்பு என்று சண்டை போட்டுவிட்டு வைத்தார். அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும், சண்டை போட்டால் பிரியமாக இருக்கிறார் என்று அர்த்தம். பேருந்து வந்தது. நான் ஏறவில்லை.

கள்ளக்குறிச்சிப் பக்கம் கால்நடை மருந்தகங்களில் பல வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். அப்போதெல்லாம் காயடிப்பு என்றால் நாலு பேர் கயிறு போட்டுச் சாய்ப்பார்கள், ஒருவர் கத்தியை எடுப்பார். மாட்டுக்கு மயக்க மருந்தா என்று சிரிப்பார்கள். வசந்தா மட்டும் மருந்து போட்டு அந்த இடம் மரத்துப்போகாமல் கத்தி வைக்கமாட்டார். "அதுக்கு நல்லதுன்னா பண்றோம்? நம்ம வசதிக்குப் பண்றோம். வலியாவது இல்லாம பண்ணலாம் இல்ல?" என்பார். அதிகாரிகள் பிடிவாதக்காரி என்றார்கள். பிடிவாதக்காரிதான்.

வெள்ளிமலைக்கு அப்பால், ஜீப் போகாத ஒரு சிற்றூரில் சின்னையன் என்பவர் மட்டக்குதிரை வைத்திருந்தார். ஊராரின் சாமை மூட்டையெல்லாம் அதன் முதுகில்தான் வரும். பருவம் வந்ததும் அது பொதியை உதறிவிட்டுப் பெட்டைகளின் பின்னால் ஓடியது, ஆட்களைக் கடித்தது. காயடி, இல்லாவிட்டால் விற்றுவிடு என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். நாங்கள் போன அன்று கையில் மயக்க மருந்து இல்லை. கயிறு பிடிக்க ஆள் இருக்கிறது, முடித்துவிடலாம் என்றேன். வசந்தா குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே மாட்டேன் என்றார். மருந்தோடு வருகிறேன், அதுவரை கட்டிவையுங்கள் என்று சின்னையனிடம் சொல்லிவிட்டு மலையிறங்கினார்.

மருந்து வரத் தாமதமானது. அதற்குள் குதிரை மறுபடி ஒருவரைக் கடித்துவிட்டது. சின்னையன் ஆட்டுக்கிடாய்களுக்குக் காயடிப்பவரைக் கூட்டிவந்து அறுத்துவிட்டார். நாங்கள் மருந்தோடு போனபோது அறுத்த புண்ணால் குதிரைக்கு ரணஜன்னி, அதாவது டெட்டனஸ், கண்டிருந்தது. வாய் திறக்கவில்லை, கால்கள் விறைத்திருந்தன. வசந்தா தன்னால் ஆனதையெல்லாம் செய்தார். அது சாகும்வரை தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். திரும்பும் வழியில், "அன்னிக்கே நான் அறுத்திருந்தா வலிச்சிருக்கும். ஆனா பொழச்சிருக்கும்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதன் பிறகு சொந்தக் காசில் மருந்து வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். மருந்தில்லாமல் கத்தி வைக்க மட்டும் கடைசிவரை சம்மதிக்கவில்லை.

அடக்கத்துக்குச் சின்னையன் வந்திருந்தார். நன்றாகத் தளர்ந்துவிட்டார். மாலையைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அவங்க வந்தப்ப குதிரை வெறச்சுக்கினு நின்னுது சார். ஏன்யா அறுத்தன்னு என்னை ஒரு வார்த்தை கேக்கலீங்க. தப்பெல்லாம் தன்னுதுன்னு அழுதுகினே போனாங்க. என்னைத் திட்டியிருந்தா தேவல."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

வசந்தா அன்று செய்தது சரியா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஓய்வுபெற்ற பிறகும் ஊரில் காயடிப்புக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். மருந்து போட்டுவிட்டு, மரத்துவிட்டதா என்று குத்திப் பார்த்துக் காத்திருக்கிறேன். சுற்றி நிற்பவர்கள் அவசரப்படுத்துகிறார்கள். அந்த நேரத்தில், இந்தத் தாமதமே தப்பாகிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. வெள்ளிமலைக்குப் பிறகு அவருக்கும் ஒவ்வொரு தடவையும் இருந்திருக்கும். அந்தப் பயத்தோடு காத்திருப்பதைத்தான் அவர் எனக்கு விட்டுப் போயிருக்கிறார்.