படத்தில் விழாத வீடு

எங்கள் தெருவில் ஒன்பது வீடுகள் இருந்தன. அரியலூரிலிருந்து கல்லங்குறிச்சிக்குப் போகிற பக்கம், டவுன் முடிந்து சோளக்காடு தொடங்குகிற இடத்தில் அந்தத் தெரு. எட்டு வீட்டுக்குப் பட்டா உண்டு. எங்கள் அப்பா காலத்தில், நிலமில்லாமல் பண்ணை வேலை செய்தவர்களுக்கு அரசாங்கம் மனை பிரித்துக் கொடுத்தபோது வந்த பட்டா. ஒன்பதாவது வீடு என் தம்பியுடையது. தெருக்கடைசியில், ஓடைக்கரையை ஒட்டி மீந்து கிடந்த துண்டு நிலத்தில் அவனே கட்டியது.

நானும் தம்பியும் கொத்தனார்கள். வாரம் முழுக்க ஊருக்குக் கட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவன் தனக்குக் கட்டினான். வீடு முடிந்து மூன்று வருஷம்கூட அதில் முழுசாக இருக்கவில்லை. வேலை இடத்தில் சாரம் சரிந்து விழுந்து போய்ச் சேர்ந்தான். தம்பி சம்சாரம் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைத்துத்தான் மகளை வளர்த்தாள். மகளை வேப்பந்தட்டையில் கட்டிக்கொடுத்த பிறகு அந்த வீட்டில் தனியாக இருந்தாள். அவளுக்கென்று இருந்தது அந்த வீடு ஒன்றுதான். அதற்கும் காகிதம் கிடையாது. எத்தனையோ மனு போட்டுப் பார்த்துவிட்டோம்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் தலையாரி வந்து தெருமுனையில் வண்டியை நிறுத்திச் சொன்னார்.

"ட்ரோன் வுட்டு மேலேர்ந்து படம் எடுக்கப் போறாங்க. அவங்கவங்க எல்லையில சுண்ணாம்புக் கோடு போட்டு வைங்க. படத்துல வூடு விழுந்துடுச்சுன்னா பட்டா இல்லாத வூட்டுக்கும் காயிதம் குடுப்பாங்களாம். கடைசி வூட்டு அக்காவுக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

தம்பி சம்சாரம் அன்று சாயங்காலமே சுண்ணாம்பு வாங்கி வந்து, வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் கோடு போட்டாள். மழை தூறிக் கரைந்தது என்று மறுநாள் மறுபடியும் போட்டாள்.

ட்ரோன் வருகிற நாள் எது என்று தெரிந்தபோதுதான் சிக்கல். அது புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை.

எங்கள் தெரு வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அன்றைக்குக் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்குத் தளிகை போடுவோம். ஒன்பது வீட்டு அரிசியையும் ஒரே அண்டாவில் பொங்குவோம். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பச்சைக் கீற்றால் பந்தல் போடுவோம். பந்தல் தெருவோடு நிற்காது. வீடுகளின் கூரை மேலேயும் ஏறும். ஓட்டு வீடு, சிமெண்டு ஷீட்டு வீடு, தளம் போட்ட வீடு எதுவாக இருந்தாலும் மேலே கீற்று பரப்பி மூடிவிடுவோம். மனை வாங்கின பெரியவர்கள் ஏற்படுத்திய முறை அது. பெருமாள் மேலேயிருந்து பார்த்தால் இவன் வீடு பெரிசு, அவன் வீடு சிறிசு என்று தெரியக் கூடாது, மொத்தமும் ஒரே கூரையாகத் தெரிய வேண்டும் என்பார்கள். அந்த வருஷம் தளிகைக்குப் பொறுப்பு நான். பந்தல் கட்டியதும் நான்.

காலையில் அண்டாவுக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது தம்பி சம்சாரம் வந்து தள்ளி நின்றாள்.

"மாமா, எங்க வூட்டு மேல கெடக்குற கீத்த மட்டும் ஒரு மணி நேரம் எடுத்துட்டு, அவங்க போனதும் போட்டுக்கலாமா?"

பக்கத்து வீட்டு டிராக்டர் டிரைவர் மாமன் புளியைக் கரைத்துக்கொண்டே சொன்னார். "ஏம்மா, அந்த ட்ரோனு பறந்து வந்தா கீத்து அதுவே பறந்து போயிடும். வர்றவனுக்கும் ஒரு எலை போட்டு ஒக்கார வைப்போம். சோத்தத் தின்னவன் ஒன் வூட்ட உட்டுட்டா போயிடுவான்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் சொன்னேன். "தளிகை போட்டு முடியிற வரைக்கும் கீத்தப் பிரிக்கக் கூடாதும்மா. இன்னிக்கி ஒரு நாளு ஒன் வூடு என் வூடுன்னு தனியா ஏது? மெஷினு இன்னொரு தரம் வராமயா போயிடும்? பெருமாளு பாத்துக்குவாரு."

"நீங்க சொன்னா சரி மாமா" என்று சொல்லிவிட்டு அடுப்பண்டை போய்விட்டாள்.

சாமி காரியம் என்றுதான் சொன்னேன். ஆனால் மனசைத் தொட்டுச் சொன்னால், அதில் என் வீம்பும் கலந்திருந்தது. ரெண்டு நாள் ஏறி இறங்கிக் கட்டிய பந்தல். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் சொட்டையாகத் தெரிவதில் எனக்கு இஷ்டம் இல்லை. அதை அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை. பெருமாளிடமும் சொல்லவில்லை.

பத்து மணிக்கு மேல் ட்ரோன் வந்தது. வண்டு சத்தம் மாதிரி ஒரு சத்தம். நான் பந்தலை விட்டு வெளியே வந்து, கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்த்தேன். ரெண்டு சுற்று சுற்றிவிட்டு ஓடைப் பக்கம் போய்விட்டது. அப்புறம் எல்லோரும் சாப்பிட்டோம். அந்த வருஷத்துப் புளியோதரை மாதிரி எந்த வருஷமும் அமையவில்லை என்று பேசிக்கொண்டோம்.

தைப் பொங்கல் முடிந்து வி.ஏ.ஓ. ஆபீஸ் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். பட்டா இருந்த எட்டு வீட்டையும் பழைய காகிதத்தைப் பார்த்துச் சேர்த்திருந்தார்கள். தம்பி வீடு மட்டும் இல்லை. தலையாரி தலையைச் சொறிந்தார். "படத்துல வுழலையாம். பெரம்பலூர்ல படம் எடுத்த கம்பெனி ஆபீஸ் இருக்கு, போயி கேட்டுப் பாருங்க" என்றார்.

நானும் தம்பி சம்சாரமும் பஸ் ஏறிப் பெரம்பலூர் போனோம். ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். கம்ப்யூட்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசியது. எங்கள் ஊர்ப் பெயரைத் தட்டியதும் ஊர் மொத்தமும் திரையில் வந்தது. சிமெண்டு ஃபேக்டரிக்குப் போகிற ரோடு, சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்கள், அதில் நிற்கிற தண்ணீர், எல்லாம் தெரிந்தது.

"இது போட்டோ மட்டும் இல்லை சார். உங்க ஊரு மாதிரியே கம்ப்யூட்டருக்குள்ள ஒரு ஊரு செஞ்சு வச்சிருக்கு. இனிமே ரோடு, தண்ணிக் கொழா, பார்க்கு எதுவா இருந்தாலும் இதுக்குள்ள வச்சுப் பாத்துட்டுத்தான் வெளில செய்வாங்க" என்றது அந்தப் பெண்.

எங்கள் தெரு இருக்கிற இடத்தைப் பெரிதாக்கிக் காட்டியது. பச்சையாக ஒரு பட்டை. ஓடைக்கரை மரங்களோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"இந்த எடம் தோப்பு தானே சார்?"

"தெரும்மா. பந்தல் போட்டிருந்தோம். சுண்ணாம்புக் கோடும் அதுக்கு அடியிலதான்."

அந்தப் பெண் பட்டையை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தது. "பச்சையா இருந்ததால கம்ப்யூட்டரு மரம்னு எடுத்துக்கிச்சு. நாங்க யாரும் மரம்னு போடல சார். அதுவா எடுத்துக்கிட்டது."

"அப்ப அந்த ஊருல எனக்கு வூடு இல்லியா கண்ணு?" என்று தம்பி சம்சாரம் கேட்டாள்.

அந்தப் பெண் படத்தை அப்படியும் இப்படியும் நகர்த்தியது. பட்டையின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி. அதைப் பெரிதாக்கியது.

"மாமா, இதா நீங்க" என்றாள் தம்பி சம்சாரம்.

நான்தான். தோளில் துண்டு, நெற்றியில் கை. அந்தப் படத்தில் எங்கள் தெருவில் பதிவானது நான் ஒருவன்தான்.

கோடை தொடங்கியபோது அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி வைத்தார்கள். வரப்போகிற ஊர் எப்படி இருக்கும் என்று கண்ணாடி மாட்டிப் பார்க்கலாம் என்றார்கள். போகலாம் என்று அவள்தான் சொன்னாள். ஏதாவது திருத்தியிருப்பார்கள் என்று நினைத்திருப்பாள்.

முதலில் எனக்கு மாட்டினார்கள். நீச்சல்காரன் போடுகிற கண்ணாடியைவிடப் பெரிசு, தலையைச் சுற்றிப் பட்டை. மண்டபம் மறைந்து ஒரு ரோடு வந்தது. காலடியில் தரை நழுவுகிற மாதிரி இருந்தது. சாரத்தில் நின்று பழகிய நானே பக்கத்தில் நின்றவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். சுண்ணாம்பு லாரி ஒன்றுகூட இல்லை. எந்த இலை மேலும் தூசி இல்லை. ஓடைக்கு ரெண்டு பக்கமும் கல் பதித்து, நடைபாதை போட்டு, மரம் வைத்து, பெஞ்சு போட்டிருந்தது. ஓடை நிறையத் தண்ணீர். பேண்ட் போட்ட ஒரு பெண்பிள்ளை ஓடி வந்து என் உடம்புக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டது. நான் சின்ன வயசிலிருந்து வாழும் ஊரில், என்னை யாருக்கும் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்து தம்பி சம்சாரம் மாட்டிக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு அடியாக வைத்தாள். உதடு அசைந்தது. ஓடைப் பாலத்திலிருந்து அடி எண்ணிக்கொண்டு வருகிறாள் என்று எனக்குப் புரிந்தது. ஓரிடத்தில் இடது பக்கம் திரும்பினாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். தலையைக் குனிந்துகொண்டு ஒரு அடி எடுத்து வைத்தாள்.

என் தம்பி ஊருக்கெல்லாம் வாசல் நிலை சரியாக வைத்தவன், தன் வீட்டு நிலையை மட்டும் தாழ்த்தி வைத்துவிட்டான். குனியாமல் அந்த வீட்டுக்குள் யாரும் போக முடியாது.

மண்டபத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். கண்ணாடி மாட்டிவிட்ட பெண் அவள் தோளைத் தொட்டு, "அக்கா, அங்க ஒண்ணும் இடிக்காது. நிமுந்தே போவலாம்" என்றது.

அவள் கண்ணாடியைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தாள். "நல்லாத்தான் இருக்கு. நெழலு நெறையா இருக்கு" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள்.

அதற்கப்புறம் திங்கட்கிழமை தவறாமல் கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொடுக்கப் போனோம். ஒரு அதிகாரி உட்கார வைத்துப் பேசினார். கரண்ட் பில், வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் பார்த்தார்.

"வீடு இருக்கறது எனக்குத் தெரியுதுங்க. ஆனா எடம் ஓடைப் புறம்போக்கு. படம் எடுத்த தேதியில வீடு படத்துல இருந்தாத்தான் அந்தத் திட்டத்துல சேக்க முடியும். அந்தப் படத்த வச்சுத்தான் ஓடைக்கரை வேலைக்கே உத்தரவு ஆயிருக்கு."

"அன்னிக்கி வூடு இருந்துச்சுங்க. தெருவே சாட்சி சொல்லும்ங்க" என்றேன். பந்தல் கட்டியதையும், பிரிக்கக் கூடாது என்று தடுத்தது நான்தான் என்பதையும் சொன்னேன். வெளியாள் முன்னால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"நீங்க சொல்றத நான் நம்புறேன். ஆனா சாட்சிய அந்தக் கம்ப்யூட்டருக்குள்ள ஏத்த எடம் இல்லைங்களே" என்றார். அவர் ஏமாற்றுகிறவராகத் தெரியவில்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. கோபிப்பதற்கு ஒரு ஆள் இருந்தால் காலில் விழலாம், சண்டை போடலாம்.

வைகாசியில் ஓடைக்கரை வேலைக்குப் பொக்லைன் வந்தது. ஆபீஸிலிருந்து வந்தவர் கையில் இருந்த பெரிய போனில் படத்தைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பொக்லைன் டிரைவர் இறங்கி வந்து, "அக்கா, சாமி படம் கிடம் எல்லாம் எடுத்தாச்சா? ஒரு தரம் பாத்துருங்க" என்றான். அவள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவனுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள்.

சுவர் லேசில் விழவில்லை. ஓடைப் பக்கத்து மூலையில் மூன்று தரம் இடித்தும் நின்றது. "கட்டுனவன் நல்லாக் கட்டியிருக்கான்" என்று டிரைவர் சொன்னான். அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. எனக்குக் கேட்டது.

எங்கள் வீட்டிலேயே இருக்கச் சொன்னோம். என் சம்சாரம் அழுது கேட்டாள். முன் அறையை ஒழித்தும் வைத்தாள். தம்பி சம்சாரம் பத்து நாள் இருந்தாள். சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள், வந்தாள். பதினோராம் நாள், சத்துணவு வேலையை விட்டுவிட்டேன், வேப்பந்தட்டைக்கு மகள் வீட்டுக்குப் போகிறேன் என்றாள். மருமகன் வீட்டில் போய் நிற்பது என்றால் எங்கள் பக்கம் எவ்வளவு கூச்சம் என்று எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அவள் கிளம்பிய அன்று காலையில் கல்லங்குறிச்சிக்குப் போய், கம்பமாக நிற்கிற பெருமாள் முன்னால் நின்றேன். என் வீம்பைச் சாமி காரியம் என்று சொன்ன பாவத்தை அவரிடம் ஒப்புக்கொண்டேன். மன்னிப்பை அவரிடம் கேட்டால் போதாது, அவளிடம்தான் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அதற்காகத்தான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அரியலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவள் கூடப் போனேன்.

பெரம்பலூர் பஸ் நின்றிருந்தது. அங்கே போய் வேறு பஸ் மாற வேண்டும். ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்தாள். நான் மூட்டையை அவள் காலடியில் வைத்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவளே பேசினாள். "உங்க மேல எனக்குக் கோவம் இல்ல மாமா. நானே ஏணி போட்டு ஏறி எடுத்திருக்கணும். உங்க பேச்ச மீறக் கூடாதுன்னு நின்னுட்டேன். எம்மேலதான் கோவம்."

"அப்படிச் சொல்லாதம்மா" என்றேன்.

"மீறியிருந்தா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க? ரெண்டு நாளு பேசாம இருந்திருப்பீங்க. அவ்வளவுதான?"

அவ்வளவுதான். ரெண்டு நாள்கூடப் பேசாமல் இருந்திருக்க மாட்டேன்.

கண்டக்டர் விசில் கொடுத்தார். "ஏறுறதுன்னா ஏறுங்க, எறங்குறதுன்னா எறங்குங்க பெரியவரே" என்றார். நான் கேட்க வந்ததைக் கேட்காமல் இறங்கிவிட்டேன்.