காபி கொடுக்கிற வீடு

காலை ஆறரை மணி, வாசலில் நான்கு ஜோடிச் செருப்பு, முன்னால் நின்றவர் பெயர் தனசேகர். கடனைவிட விலை குறைந்துபோன வீட்டை விற்பது ஒரு முழுநேர வேலை என்பது அன்றுதான் தெரிந்தது. சம்பளம் கிடையாது, விடுமுறை கிடையாது, வேலை நேரத்தை வாங்க வருகிறவர்கள் தீர்மானிப்பார்கள்.

மாதத் தவணை கட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரைப் பக்கம், மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. கட்டியவர் இரண்டு மாடிக்குத்தான் அனுமதி வாங்கியிருந்தார் என்பது குடிவந்து ஆறு வருடம் கழித்துத் தெரியவந்தது. எங்களுக்குக் கடன் கொடுத்தபோது யாரும் பார்க்காத வரைபடத்தை, எங்களிடம் வாங்க வந்தவர்களுக்குக் கடன் கொடுக்கும்போது எல்லா வங்கியும் பார்த்தது. ஆகவே ரொக்கம் வைத்திருப்பவர் மட்டுமே வாங்க முடியும். நான் வேலை பார்த்த நாளிதழில் ஆட்குறைப்பு வந்து, ஐந்து தவணை நின்றுபோயிருந்தது. பாக்கி முப்பத்தொரு லட்சம். ஆவணி முடிவதற்குள் அடைக்காவிட்டால் ஏலம், ஏலத்தில் குறையும் தொகையை ஜாமீன்தாரர் சம்பளத்தில் பிடிப்போம் என்று வங்கி அதிகாரி சொல்லிவிட்டார்.

ஜாமீன்தாரர் என் மனைவி வசந்தாவின் தம்பி குமரேசன். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். மூத்த பெண்ணை அந்த ஆண்டுதான் கல்லூரியில் சேர்த்திருந்தார். சின்ன வீடாகப் பார்த்துப் போகிறோம் என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தோம். வீடு போவதைப் பற்றி எங்களுக்கு வருத்தம்தான் இருந்தது. பயமெல்லாம் குமரேசனைப் பற்றியது.

ஒரு பக்கெட் தண்ணீர்

"அவசர விற்பனையா? பத்தே நாளில் ரொக்கம்" என்று மின்கம்பத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்து நான்தான் தனசேகருக்கு போன் செய்தேன். வந்த நால்வரில் ஒருவர் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார். ஒருவர் குளியலறையில் ஒரு பக்கெட் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அது எந்த மூலையில் தேங்குகிறது என்று குந்தி உட்கார்ந்து பார்த்தார். இன்னொருவர் கீழே இறங்கிப்போய் இஸ்திரி வண்டிக்காரரிடம் எங்களைப் பற்றி விசாரித்துவிட்டு வந்தார்.

தனசேகர் எதையும் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து வசந்தா கொண்டுவந்த காபியைக் குடித்தார். பிறகு இருபத்து மூன்று லட்சம் என்றார். விலை நாற்பது என்று போனில் சொல்லியிருந்தேனே என்றேன். எத்தனை தவணை நின்றிருக்கிறது என்று கேட்டார். ஒன்றும் நிற்கவில்லை என்று நான் சொன்னதும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"காபி குடுக்கிற வீடு அவசர வீடு சார். வசதியா விக்கிறவங்க, தண்ணிகூட நாங்க கேட்டாத்தான் குடுப்பாங்க."

புத்தூர்க் குடும்பம்

ஆனியின் கடைசி வாரத்தில் புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவர் மருத்துவமனையில் கணக்கர், மனைவி பால்கனியில் நின்று ராஜகோபுரத்தைப் பார்த்து அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார். எங்கே கட்டில், எங்கே பீரோ என்று பேசிக்கொண்டார்கள். முப்பத்து நான்கு சொன்னேன், முகம் சுளிக்கவில்லை. வசந்தா உள்ளே போய்ச் சாமி படத்துக்கு முன்னால் நின்றுவிட்டு வந்தாள்.

கிளம்பும்போது அந்த அம்மா, ஆடி பிறக்கப்போகிறது, ஆவணியில் பேசிக்கொள்ளலாம் என்றார். அதற்குள் வங்கிக் கடனுக்கும் கேட்டுவைப்பார்களாம். கேட்டால் என்ன பதில் வரும் என்பது எனக்குத் தெரியும். ஆடி முதல் தேதிக்குப் பிறகு குடும்பமாக யாருமே வரவில்லை. தனசேகரைப் போன்றவர்களின் போன் மட்டும் நாளுக்கு இரண்டு முறை வந்தது. ஆடியில் வீடு வாங்குவீர்களா என்று அவரிடமே கேட்டுவிட்டேன்.

"ஆடித் தள்ளுபடி துணிக்கடைக்கு மட்டும்தானா சார்?"

டைப் அடிக்க நானூறு ரூபாய்

கே.கே. நகரிலிருந்து வந்த சுரேஷ்பாபு மரியாதையானவர். செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்தார், வசந்தாவை அம்மா என்றார், காபி வேண்டாம் என்றார். உடனே மூன்று லட்சம் தருவார், நாங்கள் வீட்டைக் காலி செய்து அவர் பெயருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதித் தர வேண்டும், மீதித் தவணைகளை அவரே கட்டிக்கொள்வார். அன்று இரவு இரண்டு மாதங்களில் முதல் முறையாகத் தூங்கினேன்.

மறுநாள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் போனோம். அங்கே தட்டச்சு செய்கிறவர் மல்லிகா என்ற நடுத்தர வயதுப் பெண். சுரேஷ்பாபு முத்திரைத்தாள் வாங்க வெளியே போனதும், அவர் எழுதிக் கொடுத்திருந்த தாளை மல்லிகா எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். தவணை கட்டுவதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. முப்பது வருடம் மற்றவர்கள் எழுதியதில் பிழை பார்த்துச் சம்பாதித்தவன் நான். அந்தத் தாளை இரண்டு முறை படித்துச் சரி என்று சொல்லியிருந்தேன்.

"வீடு அவருக்கு, கடன் உங்களுக்கு, ஜாமீன் வேற யாரோ பாவப்பட்டவருக்கு. இதை டைப் அடிக்க எனக்கு நானூறு ரூபா. அடிக்கட்டுமா சார்?"

பின்பக்கச் சந்து வழியாக வெளியேறினோம்.

ஞாயிற்றுக்கிழமை

ஆடி மூன்றாவது வாரம், சனிக்கிழமை மதியம் வங்கியிலிருந்து போன். ஏல நோட்டீஸின் நகலை ஜாமீன்தாரருக்கும் அன்று பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள். என்றைக்குப் போய்ச் சேரும் என்று மட்டும் வசந்தா கேட்டாள். திங்கள் அல்லது செவ்வாய் என்றேன்.

மறுநாள் குமரேசன் வந்தார். ஞாயிறு தோறும் வருவார், வரும்போது மீன் வாங்கி வருவார். அன்று ஸ்பேனரும் கொண்டுவந்திருந்தார். குழாய் சொட்டுவதைப் பார்த்தால் வாங்க வருகிறவன் விலையைக் குறைப்பான் என்று சமையலறைக் குழாயைக் கழற்றிச் சரிசெய்தார். அவருடைய செல்போன் அடிக்கும்போதெல்லாம் வசந்தா கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். சாப்பிடும்போது அவருக்கு மூன்றாவது முறையாகக் குழம்பு ஊற்றிவிட்டு, நகராமல் அங்கேயே நின்றாள்.

"என்னக்கா அப்படிப் பாக்குற, என் மூஞ்சில ஏதாச்சும் ஒட்டிருக்கா?"

சங்கு ஊதிய பிறகு

திங்கட்கிழமை பொன்மலைக்குப் போய்ப் பணிமனை வாசலில் நின்றேன். தபால்காரருக்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் என் திட்டம். சங்கு ஊதியதும் சைக்கிள்களும் வண்டிகளும் கும்பலாக வெளியே வந்தன. குமரேசன் என்னைப் பார்த்ததும் பைக்கை ஓரமாக நிறுத்தி, அக்காவுக்கு என்ன என்று கேட்டார். அக்காவுக்கு ஒன்றுமில்லை மாப்ளே என்று தொடங்கி, தவணை, அனுமதி, ஏலம், அவர் சம்பளம் எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொல்லி முடித்தேன். எவ்வளவு குறையும் என்று கேட்டார். தனசேகர் ஒரு லட்சம் ஏற்றி இருபத்து நான்கு கொடுப்பார், வங்கி வட்டியில் இரண்டு லட்சம் தள்ளும், அப்படியும் ஐந்து லட்சம் குறைகிறது என்றேன்.

"இந்த ஷாப்புல என்கிட்ட ஜாமீன் கேக்காத ஆளு கிடையாது மாமா. ரயில்வே சம்பளம்னா சும்மாவா. அத்தனை பேருக்கும் மாட்டேன்னு சொன்னேன். உங்களுக்கு ஒருத்தருக்குத்தான் போட்டேன்" என்றார். அந்த நேரத்தில் அவருடைய செல்போன் அடித்தது. வீட்டிலிருந்து. பதிவுத் தபால் ஒன்று வந்திருக்கிறதாம், பேங்க் பெயர் போட்டிருக்கிறதாம். மனைவியின் குரல் எனக்கே கேட்டது. குமரேசன் என்னைப் பார்த்துக்கொண்டே, "தெரியும், மாமா இங்கதான் நிக்கிறாரு" என்று சொல்லி வைத்துவிட்டார். வண்டியை உதைத்துக் கிளப்பினார், மறுபடி அணைத்தார்.

"நான் கோவமா இருக்கேன்னு அக்காகிட்ட சொல்லிடுங்க. வர்ற ஞாயித்துக்கிழமை வரமாட்டேன். அதுக்கு அடுத்த ஞாயிறு வரேன்."

முடிவாக

ஆவணி பதினான்காம் தேதி எங்கள் வீடு தனசேகர் பெயருக்குக் கிரயமானது. அதற்கு ஒரு வாரம் முன்பு, குறைந்த ஐந்து லட்சத்துக்காக வசந்தா எடுத்த சீட்டுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர், பொன்மலை ரயில்வே பணிமனை ஃபிட்டர் குமரேசன்.