தொண்ணூற்றேழில் நின்ற தவளைகள்

சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியில் எங்கள் வீடு சத்திரம்தான். குற்றாலத்தில் குளிக்க வரும் சொந்தக்காரர்கள் அருவியில் எடுத்த வீடியோக்களை எல்லாம் என் கம்ப்யூட்டரில் கொட்டிவிட்டு, காலி போனோடு மறுநாளும் குளிக்கக் கிளம்புவார்கள். இந்த சீசனில் அதில் இடமே இல்லை.

"அந்தத் தவளையெல்லாம் தூக்கி வேற எங்கனயாவது வையுங்க" என்றாள் மனைவி.

தவளை என்றால் தவளைச் சத்தம். ஆர்வலர்கள் சிலர் மேற்குத் தொடர்ச்சி மலையில் அலைந்து பதிவு செய்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று டொரண்டில் விட்டிருந்தார்கள். வைத்திருப்பவர் கம்ப்யூட்டரிலிருந்து வேண்டியவர் கம்ப்யூட்டருக்கு நேராக இறங்கும் ஏற்பாடு அது. நாற்பது ஜிபி. முழுசாக வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். அவரிடமிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி முடியப் பதினோரு நாள் ஆனது. பேட்டரிக் கடைக்காரனுக்குத் தவளை எதற்கு என்று கேட்காத ஆளில்லை. பிடிக்கும், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்குக்கு மாற்றினேன். நடுவில் ஒருமுறை கரண்ட் போனது. ஊருக்கெல்லாம் பேட்டரி விற்கிற என் வீட்டில் பேட்டரி செத்துக் கிடந்தது. கரண்ட் வந்ததும் மிச்சத்தை மாற்றி, ஃபோல்டரின் நீளமான ஆங்கிலப் பெயரை எடுத்துவிட்டு, அழகாகத் 'தவளைகள்' என்று பெயரும் வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அந்த டொரண்ட் பக்கத்தில் ஒரு பெண் எழுதியிருந்தார்: "முழுசாக வைத்திருந்தவர் போய்விட்டார். ஒன்பது பேர் 97 சதவீதத்திலேயே நிற்கிறோம். என் ஆய்வுக்கு வேண்டியது மீதி மூன்றில்தான் இருக்கிறது. யாரிடமாவது இருந்தால் திரும்பி வாருங்கள்."

என்னிடம் இருக்கிறதே! அவசரமாக டொரண்ட் மென்பொருளைத் திறந்தால், கோப்புகளைக் காணோம் என்று சிவப்பாகக் காட்டியது. அதற்குப் பழைய இடம்தானே தெரியும்! புது இடத்தைக் காட்டினேன். தானாகவே சரிபார்த்து, நொடியில் முடித்துவிட்டது. பூஜ்யம் சதவீதம். என்னிடம் ஒன்றுமே இல்லையாம்.

பின்னால் காப்பித் தம்ளரோடு சகலை நின்றிருந்தார். மனைவியின் அக்கா வீட்டுக்காரர், சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது.

"என்ன சகலை, தவளையெல்லாம் கெணத்துக்குள்ள குதிச்சிட்டா? காப்பி பண்ணும்போதே கெட்டுப்போயிருக்கும். டெலிட் பண்ணிட்டு மறுபடி இறக்குங்க."

"யார்ட்டருந்து இறக்க, அண்ணாச்சி? கொடுக்க ஆளில்லன்னுதானே அந்தம்மா கெஞ்சுதாங்க."

"அப்ப விட்டுத் தள்ளுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பயமும்தான். அன்று போன கரண்ட் பதிவுகளைக் கெடுத்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்வது?

ஹார்ட் டிஸ்கைத் திறந்து பார்த்தேன். என் 'தவளைகள்' பக்கத்தில் புதிதாக இன்னொரு ஃபோல்டர், அதே நீள ஆங்கிலப் பெயரோடு, உள்ளே உருப்படியாக ஒன்றும் இல்லாமல் இருந்தது. மென்பொருள் பழைய பெயரைத் தேடியிருக்கிறது, கிடைக்காததால் தானே ஒன்றை உண்டாக்கிக்கொண்டது. தலையில் அடித்துக்கொண்டேன். புதியதை அழித்து, என்னுடையதற்குப் பழைய பெயரையே வைத்து, மறுபடி சரிபார்க்கச் சொன்னேன்.

இந்தத் தடவை எண் ஏறியது. பத்து, நாற்பது, எண்பது. சகலை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தொண்ணூற்றேழில் நின்றுவிட்டது போல எனக்குத் தோன்றியது. இல்லை, ஏறியது. தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு!

நான் போட்ட சத்தத்தில் மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஒன்பது பேரும் என்னிடமிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். சகலை போனைத் தட்டிக்கொண்டே, "வைஃபை நகரவே மாட்டேங்கே" என்றார்.

"தவளைக்குக் கொடுத்தாச்சு, அண்ணாச்சி. ஐந்தருவியில தண்ணி நல்லா விழுதாம், போய்க் குளிச்சிட்டு வாங்க."

அவர் குளித்துவிட்டு வருவதற்குள் ஒன்பது பேரும் நூறைத் தொட்டிருந்தார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அந்தப் பெண் மறுபடி எழுதியிருந்தார்: "எல்லாம் வந்துவிட்டது. நன்றி. நீங்கள் எந்த ஆய்வு நிறுவனம்?"

சகலை பார்க்கும்படி திரையைத் திருப்பி வைத்துக்கொண்டு, நிதானமாகப் பதில் அடித்தேன்: "தென்காசியில் பேட்டரிக் கடை."