சும்மா போன நாலு நாள்

போன வாரம் தங்கச்சி ஜெசி இங்கிலாந்திலிருந்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். ஈஸ்டர் விடுமுறைக்குக் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போயிருக்கிறாள். கடற்கரை என்றால் மணல் இல்லை, கூழாங்கல். மழைக்கோட்டும் தொப்பியுமாக அவள் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். வெயில் வருகிறது, கோட்டைக் கழற்றுகிறார்கள். கழற்றி மடிப்பதற்குள் தூறல், மறுபடி மாட்டுகிறார்கள். “இதுக்குப் பேரு ஹாலிடேயாம்க்கா” என்று ஜெசியின் குரல் காற்றில் பாதி அடித்துக்கொண்டு போகிறது.

நான் பார்த்தது கடலை இல்லை. பிள்ளைகளின் காலடியில் ஒரு பிளாஸ்க் சாய்ந்து கிடந்தது. பிளாஸ்க் மூடிக்கென்று ஒரு வாசனை உண்டு, நீங்களும் கவனித்திருப்பீர்கள். எத்தனை தடவை கழுவினாலும் போகாத பழைய தேயிலையும் ரப்பருமான வாசனை. போனில் வாசனை வராது என்பார்கள். எனக்கு வந்தது.

பல வருஷங்களுக்கு முன்னால், அப்பா ஒரு புது பிளாஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுவந்த சாயங்காலம், அம்மா கேட்ட முதல் கேள்வி, “யாருக்கு முடியல?”

எங்கள் வீட்டில் பிளாஸ்க் என்றால் ஆஸ்பத்திரி. வேறு எதற்கும் அதை வாங்கியதில்லை.

“யாருக்கும் ஒண்ணுமில்லளா. ஈஸ்டர் முடிஞ்சதும் நாம நாலு பேரும் மணப்பாட்டுக்குப் போயி நாலு நாளு இருந்துட்டு வருவோம்.”

“எதுக்கு?”

“சும்மா. கடக்கரையில இருக்கதுக்கு.”

அம்மா எழுந்துபோய்த் தெருக்கதவை அகலத் திறந்து வைத்தாள். தெரு முனையில் கடல் கிடந்தது. “அப்ப இது என்ன, கொளமா?”

இதில் அப்படி என்ன சந்தேகம் என்று நீங்கள் கேட்கலாம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் எங்கள் ஆட்கள் கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டார்கள். ஈஸ்டர் பூசை முடிந்து சாமியார் உடுப்பை மாற்றுவதற்குள் தொடங்கிவிடுவார்கள். அதுவும் நேராக வந்து பெண் கேட்பது பிறகுதான். முதலில் ‘தற்செயலாக’ப் பார்ப்பது. கோவில் வாசலில், பஸ் நிற்கும் இடத்தில், யாரோ ஒருவர் வீட்டு விசேஷத்தில். பெண்ணுக்கு விஷயம் தெரியக்கூடாது, தெரிந்தால் நடை மாறிவிடுமாம். அதனால் எங்கள் ஊரில் வயது வந்த பெண்கள் எல்லோருக்கும் ஈஸ்டர் முடிந்த வாரத்தில் முதுகிலும் ஒரு கண் முளைக்கும். அந்த வாரத்தில் ‘சும்மா’ என்று ஒரு தகப்பன் சொன்னால் அதில் சும்மா தவிர மற்ற எல்லாம் இருக்கும்.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. அந்த வேலையில் எனக்கு எல்லாமே பிடித்தது. கார்பன் பேப்பர் கையில் ஒட்டுவது பிடித்தது, வாயில் நுழையாத கப்பல் பெயர்களை ஒரு எழுத்துகூடப் பிசகாமல் தட்டுவது பிடித்தது, மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை யாருடைய அனுமதியும் இல்லாமல் திறப்பதுகூடப் பிடித்தது. என் நாற்காலியில் எனக்கு முன்னால் இருந்தவள், அதற்கு முந்தைய ஈஸ்டர் முடிந்து கல்யாணமாகிப் போனவள். மாப்பிள்ளை வீட்டார் வேலையை விடச் சொன்னார்கள். அதனால்தான் அந்த நாற்காலி எனக்குக் கிடைத்தது. அதில் உட்காரும்போதெல்லாம் அவளுடைய சூடு இன்னும் இருப்பதாக எனக்கு ஒரு பிரமை.

அந்த நாற்காலியின் முன்னால் வந்து நின்று, எனக்கு லீவு வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டவர் அப்பா. நான் கேட்கவில்லை, அவரே வந்து கேட்டார்.

“நல்ல செய்திதானா அண்ணாச்சி?” என்றார் மேனேஜர்.

“நல்ல செய்திதான்” என்று அப்பா சிரித்தார். அன்று நான் தட்டிய கடிதத்தில் ஒரு கப்பலையே வேறு தேசத்துக்கு அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா பெட்டியில் என் பட்டுச்சேலையை மடித்துக்கொண்டிருந்தாள்.

“இது எதுக்கும்மா கடக்கரைக்கு?”

“எனக்கு என்னளா தெரியும்? ஒங்கப்பா வாயைத் தொறக்க மாட்டங்காரு. எதுக்கும் இருக்கட்டும்.”

அதை நான் நம்பவில்லை. இருவரும் பேசி வைத்துக்கொண்டு நடிக்கிறார்கள் என்றே முடிவு செய்தேன். திருச்செந்தூரில் பஸ் மாறும்போது, பக்கத்து சீட்டுக் கிழவர் மணி கேட்டார். அவரையும் நம்பவில்லை.

மணப்பாட்டில் எங்களுக்குக் கிடைத்தது, கொழும்பில் வியாபாரம் செய்த யாரோ பூட்டிப்போட்டிருந்த பெரிய வீட்டின் ஒரு பாதி. அப்பாவோடு வேலை பார்த்தவர் சாவி வாங்கித் தந்திருந்தார். மறுபாதியில் ரோசம்மா என்றொரு அம்மாளும் அவருடைய மகனும் குடியிருந்தார்கள். முற்றமும் கொடிக்கயிறும் பொது. பெட்டியில் கசங்கிய பட்டுச்சேலையை அம்மா வந்ததும் அந்தக் கொடியில்தான் விரித்துப் போட்டாள். மகனுக்குக் கப்பலில் வேலை, லீவில் வந்திருக்கிறான் என்பது இறங்கிய அரைமணி நேரத்தில் ஜெசிக்குத் தெரிந்துவிட்டது.

“யக்கா, எல்லாம் பக்காவா ஏற்பாடு பண்ணிருக்காவ. மாப்ளைய வீட்டோட சேத்து வாடகைக்கு எடுத்திருக்காவ.”

“வாய மூடுளா.”

“பாரு, ஒன்னியப் பாத்ததும் ஓடுதாரு. வெக்கம்!”

உண்மையில் அவன் ஓடினான். நாங்கள் முற்றத்துக்கு வந்தால் உள்ளே போய்விடுவான். ரோசம்மா மட்டும் கதவுக்குப் பின்னால் நின்று என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்ப்பார். நான் வேண்டுமென்றே தலையில் எண்ணெயை அப்பிக்கொண்டு, ஜெசியின் குட்டையான பழைய பாவாடையைக் கட்டிக்கொண்டு, தரை அதிர நடந்தேன். அதைப் பார்த்து அவர் முகம் தெளிந்த மாதிரி இருந்தது. அதுவும் எனக்குச் சந்தேகமாகவே பட்டது.

வாடைக்காற்று ஓய்ந்து, மேற்கேயிருந்து கச்சான் இன்னும் பிடிக்காத நேரம் அது. எந்தக் காற்றுக்கும் பொறுப்பில்லாத நாட்கள். காலையில் மணல் காலைச் சுடும். சாப்பிட உட்கார்ந்தால் காற்று சோற்றில் மணலை வீசும். சாயங்காலம் மேகம் கூடி இடித்துவிட்டு ஒன்றும் பெய்யாமல் போகும். அந்த வானமும் எங்கள் வீட்டாட்களைப் போலத்தான், மனதில் இருப்பதைச் சொல்லவில்லை. அப்பா மட்டும் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போய் மணலில் உட்கார்ந்துவிடுவார். “வாங்களா எல்லாரும்” என்று கூப்பிடுவார். நாங்கள் போகமாட்டோம். அங்கே யாரை வரச்சொல்லியிருக்கிறாரோ!

இரண்டாம் நாள் ரோசம்மா ஒரு தட்டில் வறுத்த சீலா மீன் கொடுத்தனுப்பினார். அம்மா தட்டை வெகுநேரம் பார்த்தாள். அம்மாவுக்குக் கப்பல்காரன் ஆகாது. அவளுடைய அண்ணன் கப்பலுக்குப் போனவர். வருஷம் கழித்து வீட்டுக்கு வந்தபோது பெற்ற பிள்ளை அவரைப் பார்த்து, “யாரும்மா இது, கரண்டுக்காரரா?” என்று கேட்டதாம்.

மீனை நாங்கள் சாப்பிட்டுவிட்டோம். சீலாமேல் என்ன சந்தேகம்? ஆனால் அம்மா தட்டைக் கழுவி அப்படியே வெறுமையாகத் திருப்பி அனுப்பினாள். பக்கத்து வீட்டுத் தட்டை ஒரு பிடி சீனியாவது போடாமல் திருப்புவது எங்கள் பக்கம் யாரும் செய்யாத காரியம். ‘உங்கள் வீட்டோடு எங்களுக்கு வரவு போக்கு வேண்டாம்’ என்று முகத்துக்கு நேரே சொல்வது அது.

மூன்றாம் நாள் மத்தியானம், இரண்டு நாளாகப் பூச்சி காட்டிய மழை ஒரேயடியாகக் கொட்டியது. கொடியில் கிடந்த துணிகளை அள்ள அம்மாவும் ரோசம்மாவும் ஒரே நேரத்தில் ஓடினார்கள். அள்ளிக்கொண்டு எங்கள் பக்கத்து வராந்தாவில்தான் இருவரும் ஏற முடிந்தது. அப்பாவும் பிளாஸ்க்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கடற்கரையிலிருந்து ஓடிவந்து சேர்ந்தார்.

ரோசம்மா தலையைக்கூடத் துவட்டவில்லை. “என்ன மயினி, தட்டை வெறுந்தட்டா அனுப்பிட்டிய? அப்பிடி நாங்க என்ன கொறஞ்சு போனோம்?”

“கொறைன்னு சொல்லல. எம் மவளைக் கப்பக்காரனுக்குக் குடுக்கதா இல்ல. அதை மொதல்லயே சொல்லிருதது நல்லதுல்லா?”

ரோசம்மா அம்மாவையே பார்த்தார். பிறகு துணிமூட்டையைத் தரையில் போட்டுவிட்டு உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“சேசுவே! எம் மவனுக்கு உவரியில பொண்ணு பேசி முடிச்சாச்சு மயினி. நீங்க ஈஸ்டர் முடிஞ்ச கையோட கொமரியையும் பட்டுச்சேலையையும் கொண்டுட்டு வந்து எறங்குனியளா, எனக்கு ஈரக்கொல நடுங்கிட்டு. அவனை ரெண்டு நாளா உள்ளயே வச்சுப் பூட்டாத கொறை!”

ஜன்னலுக்கு உள்ளிருந்து, “அம்மா, இப்பமாவது நான் வெளிய வரட்டா?” என்று ஒரு ஆண்குரல் கேட்டது. ஜெசி சிரித்த சிரிப்பில் அவளுக்கு விக்கலே வந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவன் இல்லையென்றால் வேறு யார்? “அப்பம் எதுக்குப்பா வந்தோம்?” என்றேன்.

“சும்மாதான்னு சொன்னேம்லா.”

“சும்மா யாராவது வருவாவளா அண்ணே?” என்று ரோசம்மாவும் சேர்ந்துகொண்டார்.

அப்பா டாலி கிளார்க். கப்பலில் ஏறும் இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதும் வேலை. தூத்துக்குடிக்கு வந்த ஒரு கப்பலில் இங்கிலாந்துக்கார அதிகாரி ஒருவர் இருந்தாராம். அவர் ஊரில் ஈஸ்டருக்குப் பிள்ளைகுட்டிகளோடு கடற்கரைக்குப் போவார்களாம். மழை பெய்தாலும், குளிரடித்தாலும் டீயைக் குடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருப்பார்களாம். எதற்கு என்று அப்பா கேட்டதற்கு, எதற்கும் இல்லை என்றாராம்.

“எனக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு” என்றார் அப்பா. மழையில் நனைந்த மீசையோடு அவர் கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது.

“அப்பம் எம் மேனேஜர்ட்ட நல்ல செய்தின்னிய?”

“நீ சம்பாதிக்கது நல்ல செய்தி இல்லியா? வேலைக்குப் போன நாள்லேருந்து நான் கடலைப் பாத்ததெல்லாம் கப்பல் வருதா வரலியான்னுதாம்ளா. நீயும் ஒரு கை குடுக்கேங்கவும், எதையும் எண்ணாம நாலு நாளு ஒக்காரலாமேன்னு நெனச்சேன். நீ வேலைய விட்டுட்டா இது நடக்குமா?”

மழை விட்டதும் ரோசம்மா வீட்டிலிருந்து மறுபடி ஒரு தட்டு வந்தது. இந்தத் தடவை அம்மா அதில் முறுக்கு போட்டு அனுப்பினாள்.

பின்னாளில் எனக்கு நிஜமாகவே மாப்பிள்ளை பார்த்தபோது, அப்பா காப்பிகூடக் கொடுக்காமல் அவர்களிடம் சொன்ன முதல் பேச்சு, “வேலைய விடச் சொல்லக் கூடாது” என்பது. அந்த நாற்காலியிலிருந்து நான் ஓய்வு பெற்றுத்தான் எழுந்தேன். அப்பாவின் வேலை அதற்கு வெகுநாள் முன்பே போய்விட்டது. மூட்டைகள் போய்க் கன்டெய்னர் வந்தது, அதற்குள் இருப்பதை யார் எண்ணுவது? மணப்பாட்டு வீட்டை இடித்துவிட்டார்கள். அப்பாவும் இல்லை. இன்றைக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் போனிலேயே பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள், கதவுக்குப் பின்னால் நின்று பார்க்க ஒரு ரோசம்மா கிடையாது.

எனக்கு வேறொன்றும் போயிருக்கிறது. நாலாம் நாள் காலை, பஸ்ஸுக்கு முன்னால், அப்பாவோடு மணலில் போய் உட்கார்ந்தேன். தெளிந்த வானம், அலையே இல்லை. தூரத்தில் ஒரு கப்பல் போனது, அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் கடலைப் பார்க்கவில்லை, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளைப் பேச்சை இப்போது எடுப்பார், இதோ எடுப்பார் என்று. அவர் எடுக்கவில்லை. பஸ் ஆறுமுகனேரி உப்பளங்களைத் தாண்டி, ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால் பக்கம் வந்தபோதுதான் எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்தது. அங்கே எந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாலும் வெற்றிலையும் வாழையும்தான், கடல் இல்லை.