டேப்பில் பெய்த மழை

மதியம் தூங்க எனக்கு ஓர் இரைச்சல் வேண்டும். மின்விசிறி போதாது. டேப் ஓடும் இரைச்சலாக இருந்தால் நல்லது. பக்கத்து அறையில் யாரோ அவசரமில்லாமல் பட்டுப்புடவை மடித்துக்கொண்டிருப்பது போல இருக்கும். சால்ட் லேக்கில் எங்கள் அலுவலகத்தின் மேல்மாடிக் கோடி அறையில் அந்தச் சத்தத்தோடு பாதி ஆயுளைக் கழித்தேன்.

வேலை இதுதான். அலுவலகக் கணினித் தரவுக்கு அன்றாடம் எடுக்கும் நகல், அதாவது பேக்கப், முதலில் டிஸ்கில் கிடக்கும். கொஞ்ச நாள் கழித்து அதை டேப்புக்கு மாற்றி அலமாரியில் அடுக்குவோம். எது எந்தத் தேதி வரை இருக்கலாம் என்று முன்கூட்டியே விதித்திருப்போம். தேதி வந்தால் அழித்துவிடுவோம். விதிப்பது என் வேலை. அதற்கான நடைமுறைக் கையேட்டை எழுதியவளும் நானே. அதை யாரும் படித்ததில்லை. கையேடுகளுக்குக் கிடைக்கக்கூடிய உயர்ந்த மரியாதை அது.

டேப்பைக் கையாண்டவர் நகரின் மறுகோடியில் பெஹாலாவிலிருந்து வரும் ஒரு வங்காளி. நான் அவரைத் தாதா, அண்ணன், என்பேன்; அவர் என்னைத் தீதி, அக்கா, என்பார். யார் மூத்தவர் என்று இருவரும் விசாரித்துக்கொண்டதில்லை.

மாதம் ஒருமுறை, டேப்பிலிருந்து ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துச் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கென்றே ஒரு மழைக்கால மதியத்தில் தாதா ஓர் ஒலிப்பதிவு செய்தார். ஜன்னலுக்குக் கீழே தகரக் கொட்டகைமேல் மழை. அவர் ஏதோ முனகலாகப் பாடுகிறார். எல்லாம் வந்துவிட்டதா என்று என் மதராசி வங்க மொழியில் நான் கேட்கிறேன். "ஆச்சே தீதி, ஷொப் ஆச்சே" என்கிறார் அவர். இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. அவ்வளவுதான் கோப்பு.

சரியாக வந்ததா என்பதை இயந்திரமே ஒப்பிட்டுச் சொல்லிவிடும். தாதாவுக்கு இயந்திரத்தின் சொல்லில் நம்பிக்கை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மழை சொட்டி ஓய்ந்து, அந்த வாக்கியம் வந்ததும் மேஜையில் விரலால் இரண்டு தட்டு தட்டுவார். டேப் நல்ல டேப்.

அந்தக் கோப்புக்கு மட்டும் நான் அழிவுத் தேதி போடவில்லை. சோதனைப் பொருள் எப்போதும் இருக்க வேண்டும் என்பது விதி. புது வகை டேப் வரும்போதெல்லாம் பழையதில் உயிரோடு இருப்பவற்றைப் புதியதற்கு மாற்றுவோம். மழையும் டேப் விட்டு டேப் குடிபெயர்ந்தது.

பிறகு ஓய்வு. நான் கரியாஹாட் பக்கம், அவர் பெஹாலாவில். ஓய்வுபெற்ற கொஞ்ச காலத்தில் தொண்டையில் அறுவை செய்து அவருடைய குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதற்கடுத்த மழையில் பெஹாலா வழக்கம்போல முழங்கால் நீரில் நின்றபோது அவர் குரல் பதிந்திருந்த பழைய போன் அந்த நீரில் விழுந்தது. ஊரார் தரவையெல்லாம் பிரதி எடுத்த மனிதர், தன் போனுக்கு ஒரு பிரதி எடுத்து வைக்கவில்லை. கல்யாண வீடியோ முழுக்க ஷெனாய் வாத்தியம்தான், அவர் குரல் இல்லை. மற்ற வீடியோக்களில் கேமராவைப் பிடித்திருப்பவர் அவர். கை ஆடக் கூடாதென்று மூச்சைக்கூட அடக்கியிருக்கிறார்.

பௌதி, அவர் மனைவி, ஒருநாள் போனில் சொன்னாள்: "ஆள் எதிர்லயே உக்காந்திருக்கார் தீதி. குரல்தான் எப்படி இருந்ததுன்னு மறந்துட்டே வருது."

நான் கோப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. எனக்குப் பின் வந்தவர்கள் அதை எப்போதோ அழித்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

இந்த ஆண்டு மழை தொடங்கியதும் ஒரு போன். என் பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண். ஊர் திருநெல்வேலி.

"மேடம், பழைய டேப் எல்லாத்தையும் அழிக்கப் போறோம். ஒண்ணுல மட்டும் தேதி போடாத சின்ன ஆடியோ ஒண்ணு கிடக்கு. உரிமையாளர்னு நீங்களும் இன்னொருத்தரும் இருக்கீங்க. சரின்னு ரெண்டு பேரும் ஒரு மெயில் போட்டா போதும். திங்கட்கிழமை அந்த டேப்பை ஓட்டுற டிரைவும் பழைய இரும்புக்குப் போகுது."

அதன் பிரதியை எனக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டேன். அலுவலகத் தரவு எதுவும் வெளியே போகக் கூடாது, நீங்கள் எழுதிய விதிதான் என்றாள். ஒரு ஜீவன் கையேட்டைப் படித்திருக்கிறது. பெருமையாகவும் இருந்தது, கழுத்தை நெரிக்கலாம் போலவும் இருந்தது.

அன்று மதியம் தூங்கவில்லை. அரைமயக்கத்தில் கையேட்டின் பக்கங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் புரண்டன. அலுவலக டேப்பில் சொந்தப் பொருள் அகப்பட்டால், அழிக்குமுன் உரியவரை நேரில் வரவழைத்து, சரிபார்க்கச் செய்து ஒப்படைக்க வேண்டும். சர்வரில் கல்யாண ஃபோட்டோ ஒளித்து வைப்பவர்களுக்கு வெட்கம் வரட்டுமென்று நான் எழுதிய விதி. அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து மனப்பாடமாகச் சொல்லிக் காட்டினேன். அவள் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"ஆடியோ உங்க சொந்தப் பொருளா மேடம்?"

"பாடியிருக்கிற லட்சணத்தைக் கேட்டா அலுவலகத்தோடதுன்னு யாரும் சொல்லமாட்டாங்க."

தாதாவுக்கும் பௌதிக்கும் விஷயத்தைச் சொன்னேன்; வெள்ளிக்கிழமை மூவரும் அலுவலகத்துக்கு டாக்ஸியில் போனோம். கண்ணாடியெல்லாம் பனித்து, வெளியே நகரம் நீருக்கடியில் இருப்பது போல அசைந்தது. மேம்பாலங்கள் மிதந்தன. தாதா புதுப் போனில் தட்டிக் காட்டினார்: டேப் பூசணம் பிடித்திருந்தால்? அதற்கு என்னிடம் விதி இல்லை. பௌதி அதைப் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதல்முறை டிரைவ் டேப்பை வாங்கிப் பார்த்துவிட்டு வெளியே தள்ளியது. அந்தப் பெண் சுத்தம் செய்யும் டேப்பைப் போட்டு எடுத்து, மறுபடி நுழைத்தாள். தாதா வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு அது ஓடத் தொடங்கியது. பட்டுப்புடவை மடியும் சத்தம். அவ்வளவு பயத்திலும் எனக்குக் கண் செருகியது.

மழை வந்தது. ஜன்னலுக்கு வெளியேயும் மழை. எது எந்த வருடத்து மழை என்று பிரிக்க முடியவில்லை. முனகல் பாட்டு வந்தது. என் கேள்வி வந்தது. ஆச்சே தீதி, ஷொப் ஆச்சே.

பௌதி ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. தாதாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனப்பாடமான அந்த வாக்கியத்தோடு அவர் உதடுகளும் அசைந்தன. அவருடைய விரல் மேஜையை இரண்டு தட்டு தட்டியது.

"அப்பவும் சுருதி சேரலை" என்றாள் பௌதி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

அந்தப் பெண் ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்துக் கொடுத்தாள். அங்கேயே உட்கார்ந்து இருவரும் சரி என்று மெயில் அனுப்பினோம். விதிப்படி அந்த டேப் அழிந்தது.

இப்போது தாதாவின் மேஜையில் ஒரு பிரதி, பௌதியின் போனில் ஒன்று, வெள்ளம் எட்டாத என் இரண்டாம் மாடியில் ஒன்று. எந்தத் தேதி வரை வைத்திருக்கலாம் என்று தாதா போனில் தட்டிக் கேட்டார். அந்த இடத்தைக் காலியாக விடச் சொன்னேன்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, சாப்பிட்டுப் படுத்ததும் அவருக்குப் போன் செய்து என் பிரதியை ஓடவிடுகிறேன். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்கும். மழை சொட்டி ஓயும். வாக்கியம் முடிந்ததும், போனின் மேல் விரல் இரண்டு தட்டு தட்டும். பிறகு நான் தூங்கிவிடுகிறேன்.